கரை ஒதுங்கும் டால்பினைப் புதைக்கும் முன் ஒரு துண்டு கொழுப்பை ஏன் எடுத்து வைக்க வேண்டும்?

கடற்கரையில் ஒரு டால்பின் செத்து ஒதுங்கினால் அடுத்த சில மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று கடலோர ஊர்க்காரர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். முதலில் கூட்டம் கூடும். செல்போன்கள் வெளியே வரும். மீனவர்கள் தகவல் சொல்ல, வனத்துறை ஆட்கள் வருவார்கள். கால்நடை மருத்துவர் வந்து பார்ப்பார். நீளம் எவ்வளவு, ஆணா பெண்ணா, வலை அறுத்த காயம் இருக்கிறதா என்று குறிப்பார்கள். பிறகு ஜேசிபி வந்து மணலில் குழி தோண்டும். மறுநாள் பேப்பரில் நான்கு வரிச் செய்தி. அதோடு கதை முடிந்தது.

அந்தக் குழிக்குள் போவது பல வருடக் கடல் வரலாறு. அந்த டால்பின் எந்தெந்த மீனைத் தின்றது, எவ்வளவு நாள் பட்டினி கிடந்தது, அதன் உடம்பில் எவ்வளவு பாதரசமும் காட்மியமும் ஏறியிருக்கிறது, எந்தப் பூச்சிக்கொல்லி தங்கியிருக்கிறது என எல்லாம் அதன் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் கொழுப்பிலும் பதிவாகியிருக்கும். அதே கடலில் பிடித்த மீன்தான் நம் வீட்டுக் குழம்பிலும் கொதிக்கிறது. அதனால் இது விலங்கு ஆர்வலர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை.

நம்ம மீனவர்கள் ஓங்கில் என்று சொல்லும் இந்த உயிரினத்தின் சடலம் நமக்கு என்ன சொல்லும், அதை நாம் ஏன் ஒழுங்காகக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டால்பின் உடம்புக்குள் உலோகம் எப்படிப் போகிறது?

நிலக்கரி எரியும்போது அதில் மிகச் சிறிய அளவில் இருக்கும் பாதரசம் புகையோடு காற்றில் கலக்கிறது. சிறிய தங்கச் சுரங்கங்களில் மண்ணிலிருந்து தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் பயன்படுத்துகிறார்கள். அதுவும் காற்றுக்கும் ஆற்றுக்கும் போகிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2018 மதிப்பீட்டின்படி, 2015-ல் மட்டும் மனிதச் செயல்களால் சுமார் 2,220 டன் பாதரசம் காற்றில் கலந்தது. அதில் சுமார் 38 சதவீதம் சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்தும், சுமார் 21 சதவீதம் நிலக்கரியை எரிப்பதிலிருந்தும் வந்தது.

காற்றில் போன பாதரசம் மழையோடு கடலில் இறங்குகிறது. அங்கே சில பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. சிக்கல் தொடங்குவது இங்கேதான். மெத்தில் பாதரசம் உயிரினங்களின் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும், சீக்கிரம் வெளியேறாது. நுண்பாசியை மிதவை உயிரி தின்கிறது, அதை நெத்திலி தின்கிறது, நெத்திலியைப் பெரிய மீன் தின்கிறது. ஒவ்வொரு படியிலும் செறிவு கூடிக்கொண்டே போகும். உச்சியில் இருக்கும் வேட்டையாடிகளின் தசையில், சுற்றியுள்ள கடல்நீரில் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்கு வரை கூடுதலாக இருக்கலாம்.

டால்பின் அந்த உச்சிப்படியில் வாழும் பிராணி. அதுவும் ஒரு வருடம், இரண்டு வருடம் இல்லை. குப்பிமூக்கு டால்பின்கள் 40 வருடத்துக்கு மேலும் வாழக்கூடியவை. நமக்கு உடம்பில் ஏறும் பாதரசத்தில் கொஞ்சம் தலைமுடி வழியாக வெளியேறும். டால்பினுக்கு முடி இல்லை. வயது ஏற ஏற, பாதரசமும் ஏறும்.

எந்த உலோகம் எங்கே தங்கும்?

எல்லா உலோகமும் எல்லா உறுப்பிலும் சமமாகப் பரவுவதில்லை. பாதரசம் அதிகம் சேரும் இடம் கல்லீரல். காட்மியத்துக்குப் பிடித்த இடம் சிறுநீரகம். ஈயம் எலும்பில் போய் உட்காரும். துத்தநாகமும் தாமிரமும் உடம்புக்கே தேவையானவை என்பதால், நலமாக உள்ள விலங்கு அவற்றை ஒரு அளவுக்குள் வைத்துக்கொள்ளும். அந்த அளவு குலைந்திருந்தால் நோய் அல்லது ஊட்டக்குறைவு இருந்திருக்கலாம் என்று சந்தேகிக்கலாம்.

காட்மியத்தில் இன்னொரு துப்பு உண்டு. கணவாய் இனங்களின் செரிமானச் சுரப்பியில் காட்மியம் இயல்பாகவே அதிகம். அதனால் கணவாயை முழுசாக விழுங்கும் டால்பின்களின் சிறுநீரகத்தில் காட்மியம் கூடும். மீனை மட்டும் நம்பி வாழ்பவற்றில் குறைவாக இருக்கும். ஆக, காட்மியம் அதிகம் இருந்தாலே பக்கத்துத் தொழிற்சாலையைக் கை காட்டிவிட முடியாது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது என்ன சாப்பிட்டது என்பதுதான்.

இவ்வளவு பாதரசத்தோடு எப்படி உயிர் வாழ்கிறது?

இங்கே ஒரு சுவாரசியமான வேதியியல் இருக்கிறது. 1973-ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, கடல் பாலூட்டிகளின் கல்லீரலில் பாதரசமும் செலினியமும் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருப்பதைக் காட்டியது. ஒரு பாதரச அணுவுக்கு ஒரு செலினிய அணு. அடுத்து வந்த ஆய்வுகள், இவை இரண்டும் சேர்ந்து கல்லீரலில் மெர்க்குரிக் செலினைடு என்ற நுண்ணிய துகள்களாகப் படிந்திருப்பதைக் கண்டுபிடித்தன. கரையாத, உடம்போடு வினைபுரியாத துகள்கள். அதாவது, டால்பின் விஷத்தைக் கல்லாக்கி ஒரு மூலையில் பூட்டி வைக்கிறது.

நல்ல ஏற்பாடாகத் தெரிகிறதே என்று நினைக்கலாம். ஆனா இதுக்கு ஒரு விலை உண்டு. செலினியம் சும்மா கிடக்கும் சரக்கு இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கும், செல்களைப் பாதுகாக்கும் நொதிகளுக்கும் அது வேண்டும். பாதரசத்தைக் கட்டிப்போடவே செலினியம் செலவாகிவிட்டால், மற்ற வேலைக்குத் தட்டுப்பாடு வரலாம்.

இதனால் ஆய்வு அறிக்கையைப் படிக்கும்போது ஒரு விஷயத்தில் உஷாராக இருக்க வேண்டும். ஒரு கிழ டால்பினின் கல்லீரலில் மொத்தப் பாதரசம் மிக அதிகமாக இருக்கலாம். ஆனால் அதில் பெரும்பகுதி கல்லாகிப்போனதாக இருக்கும். ஒரு இளம் டால்பினின் எண் சிறியதாக இருக்கலாம். ஆனால் அதில் மெத்தில் பாதரசத்தின் பங்கு அதிகமாக இருக்கும். வயதும் செலினியமும் குறிப்பிடாமல் வெறும் பாதரச எண்ணை மட்டும் தலைப்புச் செய்தியாக்கினால் அது பாதி உண்மைதான். வயது தெரிய ஒரு பல் போதும். மரத்தில் வளையம் எண்ணுவது மாதிரி, டால்பின் பல்லை வெட்டி வளர்ச்சி அடுக்குகளை எண்ணுவார்கள்.

சரி, கொழுப்பு எதற்கு?

டால்பினின் தோலுக்குக் கீழே தடிமனான கொழுப்புப் படலம் இருக்கிறது. குளிரைத் தாங்கும் கம்பளி, மிதவை, சேமிப்புக் கணக்கு மூன்றும் அதுதான். இந்தப் படலம் மேலிருந்து கீழ் வரை ஒரே மாதிரி இருக்காது. வெளி அடுக்கு பெரிதாக மாறாது, உடம்பின் அமைப்புக்கானது. உள் அடுக்கு சாப்பாட்டைப் பொறுத்து நிறைவதும், பட்டினியில் கரைவதுமாக இருக்கும்.

சாப்பிட்ட மீனின் கொழுப்பு அமிலங்கள் பெருமளவு அப்படியே இந்த உள் அடுக்கில் போய்ச் சேரும். ஒவ்வொரு இரை இனத்துக்கும் கொழுப்பு அமிலங்களின் கலவை வேறு வேறு. ஒமேகா-3 இவ்வளவு, ஒமேகா-6 இவ்வளவு என்று ஒரு கைரேகை மாதிரி. அந்தக் கைரேகையை வைத்து விலங்கு என்ன சாப்பிட்டது என்று கணக்கிடும் முறையை 2004-ல் சாரா ஐவர்சன் குழுவினர் வெளியிட்டார்கள். வயிற்றைத் திறந்தால் கடைசிச் சாப்பாடு மட்டும்தான் தெரியும். கரை ஒதுங்கியவற்றில் பல நேரம் அதுவும் இருக்காது. கொழுப்பைப் பார்த்தால் பல வாரங்களின், சில மாதங்களின் சாப்பாட்டுக் கணக்கு கிடைக்கும்.

டால்பின் கொழுப்பில் வேறெங்கும் எளிதில் காண முடியாத ஒரு பொருளும் உண்டு: ஐசோவலேரிக் அமிலம். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் இதைப் பிரித்தெடுத்ததே டால்பின் எண்ணெயிலிருந்துதான். தாடையிலும் நெற்றிப் பகுதியிலும் உள்ள கொழுப்பில் இது அதிகம். டால்பின் ஒலியை அனுப்பவும் வாங்கவும் உதவும் கொழுப்பு அது. பட்டினியில் மற்ற கொழுப்பு கரைந்தாலும் இதை டால்பின் எளிதில் தொடாது. காதை விற்று யாராவது சாப்பிடுவார்களா?

கொழுப்பில் தங்கும் விஷங்கள் வேறு ரகம். மெத்தில் பாதரசம் புரதத்தைத் தேடிப் போகும். பிசிபி, டிடிடி போன்றவை கொழுப்பைத் தேடிப் போகும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் இருந்த பிசிபி எவ்வளவு காலம் தங்கும் என்பதற்கு ஸ்காட்லாந்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2016 ஜனவரியில் டைரீ தீவில் லூலு என்ற பெண் ஓர்கா இறந்து கிடந்தது. ஓர்காவும் டால்பின் குடும்பம்தான். அதன் கொழுப்பில் ஒரு கிலோவுக்கு 957 மில்லிகிராம் பிசிபி இருந்தது. உடலில் பாதிப்பு தொடங்கும் அளவாகக் கருதப்படுவது 9 மில்லிகிராம். லூலுவுக்குக் குறைந்தது 20 வயது. அது ஒரு முறைகூடக் கருவுற்றதற்கான அடையாளமே இல்லை.

பெண் டால்பின் குட்டி ஈன்றால் அதன் கொழுப்பில் உள்ள விஷத்தின் ஒரு பகுதி தாய்ப்பால் வழியாக வெளியேறும். போகும் இடம், குட்டியின் உடம்பு. முதல் குட்டிக்குத்தான் பெரும்பங்கு. மெத்தில் பாதரசமோ நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவிலேயே போய்ச் சேரும்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அர்த்தம்

உலோகத்தை ஒரு லேப் அளக்கிறது, கொழுப்பை இன்னொரு லேப் அளக்கிறது, இரண்டும் தனித்தனி அறிக்கையாகக் கிடக்கிறது என்றால் பாதிப் பலன்தான் கிடைக்கும். ஏன் என்று பார்ப்போம்.

ஒரு டால்பினுக்கு நோய் வந்து சாப்பிட முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு கரைகிறது. அதில் அடைபட்டிருந்த பிசிபியும் டிடிடியும் ரத்தத்தில் இறங்குகின்றன. தசையும் கல்லீரலும் சுருங்குகின்றன; அவற்றில் இருந்த உலோகம் அங்கேயே இருக்க, ஒரு கிராமுக்கான அளவு மட்டும் ஏறுகிறது. புதிதாக ஒரு துளி பாதரசம்கூட உள்ளே போகாமலேயே அறிக்கையில் எண் பெரிதாகத் தெரியும். கொழுப்பின் தடிமனும் கலவையும் தெரிந்தால், இது மாசு கூடியதா, உடம்பு மெலிந்ததா என்று பிரித்துப் பார்க்கலாம்.

சாப்பாட்டுக் கேள்வியும் அப்படியே. ஒரே கடலில் பத்து வருட இடைவெளியில் ஒதுங்கிய இரண்டு டால்பின்களில் பாதரச அளவு வேறாக இருந்தால், கடல் மாறியதா, இரை மாறியதா? மத்தி குறைந்துபோய் வேறு மீனுக்கு மாறியிருந்தாலும் எண் மாறும். அதைச் சொல்ல வேண்டியது கொழுப்பு அமிலங்கள்தான்.

அப்போ உலோகத்தாலதான் செத்ததா?

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. செத்த டால்பினின் உடம்பில் பாதரசம் இருந்தது என்பதும், பாதரசத்தால் செத்தது என்பதும் ஒன்றல்ல. நலமாக நீந்தும் டால்பினிலும் பாதரசம் இருக்கும்.

2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு பகுதியில் 80-க்கும் மேற்பட்ட குறுந்துடுப்புப் பைலட் திமிங்கலங்கள் கரை ஏறின. 40-க்கும் மேற்பட்டவை இறந்தன. பெயரில் திமிங்கலம் இருந்தாலும் இவையும் டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். 1973 ஜனவரியிலும் அதே கடற்கரைப் பகுதியில் 147 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியிருக்கின்றன. கூட்டத்தை விட்டுப் பிரியாத இனம் இது. ஒன்று வழிதவறிக் கரைக்கு வந்தால் மற்றவையும் பின்னாலேயே வரும். ஆழமில்லாத மணல் சரிவு, நோய், ஒலித் தொந்தரவு என்று பல காரணங்கள் ஒன்றுசேரலாம். இதுமாதிரி சம்பவத்தில் 'கடல் மாசுதான் காரணம்' என்று அன்று மாலையே வாட்ஸ்அப்பில் தீர்ப்பு எழுதுவது தவறு. 'மாசுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை' என்று அளக்காமலேயே சொல்வதும் அதே அளவுக்குத் தவறு.

எப்படிச் சரியாகக் கேட்பது என்பதற்கு பிரிட்டன் ஒரு வழி காட்டியிருக்கிறது. அங்கே 1990 முதல் கரை ஒதுங்கும் டால்பின்களையும் திமிங்கலங்களையும் உடற்கூராய்வு செய்து, மாதிரிகளைப் பாதுகாக்க அரசு நிதியில் ஒரு திட்டம் நடக்கிறது. டால்பினுக்கு நெருங்கிய உறவான போர்பாய்ஸ்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். வலையில் சிக்கி இறந்தவை ஒரு குழு. அவை சாகும்வரை ஓரளவு நலமாக இருந்தவை. தொற்றுநோயால் இறந்தவை இன்னொரு குழு. 2001-ல் வெளியான ஒப்பீட்டில், நோயால் இறந்தவற்றின் கல்லீரலில் பாதரசம் கூடுதலாக இருந்தது. பிசிபியிலும் பிறகு இதே போக்கு தெரிந்தது. மாசு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறது என்ற சந்தேகம் வலுத்தது. இப்படி ஒரு ஒப்பீட்டுக்கு ஒரு சடலம் போதாது. வருடக்கணக்கில், ஒரே முறையில் சேமித்த மாதிரிகள் வேண்டும்.

இதுல நமக்கு என்ன?

நாம் டால்பின் சாப்பிடுவதில்லை. ஆனால் சாப்பிடும் ஊர்கள் உலகத்தில் உண்டு. அங்கே என்ன நடந்தது என்று பார்த்தால் விஷயம் புரியும்.

வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகளில் பைலட் திமிங்கல இறைச்சியும் கொழுப்பும் பாரம்பரிய உணவு. 1986-87-ல் பிறந்த சுமார் ஆயிரம் குழந்தைகளை அங்கே மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். கருவில் இருந்தபோது தாய் வழியாகப் பாதரசம் அதிகம் பெற்ற குழந்தைகள், 7 வயதில் மொழி, கவனம், நினைவாற்றல் சோதனைகளில் பின்தங்கியது 1997-ல் வெளியான முடிவுகளில் தெரிந்தது. இறைச்சியிலிருந்து பாதரசம், கொழுப்பிலிருந்து பிசிபி என இரண்டு வழியிலும் பாதிப்பு. 2008-ல் அந்தத் தீவுகளின் மருத்துவ அதிகாரிகள், இது இனி மனிதர்கள் சாப்பிடத் தகுந்தது அல்ல என்று அரசுக்குச் சொன்னார்கள். பல நூற்றாண்டு உணவுப் பழக்கத்துக்கு எதிராக அந்த ஊர் மருத்துவர்களே பேசினார்கள். அவர்கள் கையில் அளவீடு இருந்தது.

ஜப்பானின் தைஜியில் டால்பின் வேட்டை நடக்கிறது. 2010-ல் அந்நாட்டின் மினமாட்டா நோய்க்கான தேசிய நிறுவனம், ஊர்க்காரர்களின் தலைமுடியைச் சோதித்த முடிவை வெளியிட்டது. ஆண்களுக்குச் சராசரி 11 பிபிஎம் பாதரசம். ஜப்பானின் மற்ற இடங்களில் 2.47 பிபிஎம். நான்கு மடங்குக்கும் மேல். அதே சமயம், பாதரசத்தால் வந்த நோய் அறிகுறி எதுவும் அவர்களிடம் தெரியவில்லை என்றும் அந்த நிறுவனம் சொன்னது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

நம் தட்டுக்கு வருவோம். மத்தி, நெத்திலி, சின்னக் கானாங்கெளுத்தி போன்றவை சிறிய மீன்கள், வாழ்நாளும் குறைவு. பாதரசம் ஏற நேரமே இல்லை. ஒமேகா-3 மட்டும் தாராளமாக இருக்கும். இவற்றைப் பயந்து ஒதுக்கினால் நஷ்டம் நமக்குத்தான். பெரிய சுறா, கொப்பரன் மாதிரியான பெரிய வேட்டை மீன்கள் கதை வேறு. அவை டால்பின் நிற்கும் அதே படியில் நிற்பவை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சின்னக் குழந்தைகளும் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் சுறாவைச் சேர்த்திருக்கிறது. கழுவினாலோ பொரித்தாலோ பாதரசம் போகாது. அது தசைப் புரதத்தோடு பின்னிக் கிடக்கிறது.

இங்கே நம்ம ஊர்ச் சிக்கல் ஒன்று இருக்கிறது. குழந்தை பெற்ற பெண்ணுக்குப் பால் ஊறட்டும் என்று சுறாப்புட்டு செய்து கொடுப்பது நம் வீடுகளின் வழக்கம். பாட்டிகள் கேட்டு வாங்கியது பால்சுறா, அதாவது சிறிய இனம். அதில் ஏறியிருக்கும் பாதரசம் பெரிய சுறாவைவிடக் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் துண்டு போட்டு ஐஸில் வைத்த சதையைப் பார்த்து எந்தச் சுறா, எவ்வளவு பெரியது என்று யார் சொல்ல முடியும்? பாட்டியின் பக்குவத்தைக் கேலி செய்ய வேண்டாம். அந்தப் பக்குவம் இன்றைய கடலுக்கும் பொருந்துமா என்று சொல்ல வேண்டியது அளவீடு.

நம் கடலில் யாருமே பார்க்கவில்லையா?

பார்த்திருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் ஜப்பானின் ஷின்சுகே தனபே குழுவும் சேர்ந்து, தென்னிந்திய வங்கக் கடல் டால்பின்களின் கொழுப்பை ஆராய்ந்து 1993-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பணக்கார நாடுகளின் டால்பின்களில் பிசிபி மேலோங்கியிருந்த காலத்தில், இங்கே டிடிடிதான் முன்னால் நின்றது. இந்தியாவில் விவசாயத்துக்கு டிடிடியை 1989-ல் தடை செய்தாலும், கொசு ஒழிப்புக்கு அதன் பிறகும் தெளித்தார்கள். வயலிலும் சுவரிலும் அடித்தது ஆற்றோடு போய் டால்பினின் கொழுப்பில் தங்கியிருந்தது. தங்கள் கடலின் கையெழுத்து இதுதான் என்று அந்த ஆய்வு காட்டியது.

அதற்குப் பிறகும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆனால் ஒரு ஆய்வாளரின் ஆர்வத்தையும், ஒரு திட்டத்தின் நிதியையும் நம்பி நடக்கும் வேலை, அந்த நிதி தீர்ந்ததும் நின்றுபோகும். தொடர் கண்காணிப்பு என்பது வேறு. அது ஆள் மாறினாலும் நிற்காத வேலை.

சட்டமும் வழிகாட்டலும் இருக்கின்றன. டால்பின், திமிங்கலம் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கரை ஒதுங்கும் பெரிய கடல் விலங்குகளை எப்படிக் கையாள வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021 ஜனவரியில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-ல் ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் குறை சொல்ல அதிகமில்லை. வேலை நடக்க வேண்டிய இடம் மணல்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, நேரம். உலோகம் அழுகலில் மறைந்துவிடாது. கொழுப்பு அமிலங்கள் வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். கடலோர வனச்சரக அலுவலகங்களில் ஒரு தயார்ப் பெட்டி இருக்க வேண்டும்: சுத்தமான கத்தி, பாட்டில்கள், ஐஸ் பெட்டி, எதை எங்கே வெட்ட வேண்டும் என்ற ஒரு பக்கப் படம். தசை, கல்லீரல், சிறுநீரகம், தோல் முதல் உள் அடுக்கு வரை முழு ஆழக் கொழுப்பு, ஒரு பல். இவ்வளவுதான் பட்டியல்.

இரண்டாவது, சேமிப்பு. எடுத்ததை இன்றே அளக்கப் பணம் இல்லை என்றால்கூடப் பரவாயில்லை. மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைத்தால் பல வருடம் கழித்தும் அளக்கலாம். மண்டபம், தூத்துக்குடி, பரங்கிப்பேட்டை, சென்னை என்று கடல் ஆராய்ச்சி நிறுவனங்கள் நம் கடற்கரை முழுக்க இருக்கின்றன. ஒன்றுக்குத் திசு வங்கிப் பொறுப்பைக் கொடுத்து, மற்றவை அங்கே அனுப்பினால் போதும்.

மூன்றாவது, மீனவர்கள். வலையில் தவறுதலாகச் சிக்கி இறக்கும் டால்பின்தான் ஒப்பீட்டுக்கு மிக முக்கியம் என்று பார்த்தோம். ஆனால் முதல் அட்டவணை விலங்கு என்றதும் கேஸ் வருமோ என்று பயந்து கடலிலேயே விட்டுவிடத் தோன்றும். தகவல் சொல்பவரைக் குற்றவாளி மாதிரி நடத்தாத ஒரு நடைமுறை வேண்டும். தகவல் கொடுத்தவருக்கு ஆய்வு முடிவும் போய்ச் சேர வேண்டும். அது அவர் தொழில் செய்யும் கடல்.

நான்காவது, வெளிப்படைத்தன்மை. முடிவுகள் ஆய்விதழ்களின் கட்டணச் சுவருக்குள் முடங்கக் கூடாது. வருடத்துக்கு ஒரு முறை, தமிழில், சந்தை மீன்களின் பாதரச அளவோடு சேர்த்து வெளியிட வேண்டும். சுறாப்புட்டு செய்யப்போகிறவர் படித்துப் புரிந்துகொள்கிற மாதிரி.

செத்த விலங்குக்கு இவ்வளவு செலவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஜேசிபிக்கும் குழிக்கும் ஏற்கனவே செலவாகிறது. டாக்டர் ஏற்கனவே வருகிறார். கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு மணி நேரமும் ஓர் ஐஸ் பெட்டியும். கடலுக்குள் போய் உயிருள்ள டால்பினிடம் மாதிரி எடுப்பதோடு ஒப்பிட்டால் இது சல்லிசு.

வாசகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒதுங்கிய டால்பினைப் பார்த்தால் தொடாதீர்கள். அவற்றிலிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடிய கிருமிகள் உண்டு. உயிரோடு இருந்தால் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். மூச்சுத் துளையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இடமும் நேரமும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். 'புதைச்சாச்சு' என்று பதில் வந்தால், 'சாம்பிள் எடுத்தீங்களா சார்?' என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

விலங்குகள் முன்கூட்டியே சொல்வதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மினமாட்டாவைவிடப் பெரிய பாடம் இல்லை. அந்த ஜப்பானிய மீனவ ஊரில் பூனைகள்தான் முதலில் வலிப்பு வந்து துடித்துச் செத்தன. மனிதர்களிடம் நோய் இருப்பது 1956 மே மாதம் அதிகாரப்பூர்வமாகத் தெரிந்தது. தொழிற்சாலை பாதரசக் கழிவை வெளியேற்றியதும், அதுதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொள்ளாமல் இருந்ததும் 1968 வரை நீடித்தது. இடையில் 12 வருடம். அந்த 12 வருடத்தில் கருவில் இருந்த குழந்தைகளும் அந்த விலையைக் கொடுத்தார்கள்.

நம் கரையில் ஒதுங்கும் டால்பின் அப்படி ஓர் ஆபத்தைச் சொல்கிறது என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. ஒருவேளை 'எல்லாம் சரியாக இருக்கிறது, தைரியமாகச் சாப்பிடுங்கள்' என்றுகூட அது சொல்லலாம். எதுவானாலும் தெரிந்துகொள்ள சில மணி நேரம்தான் அவகாசம். வெயில் ஏறுவதற்குள் யாராவது ஒருவர் கத்தியும் ஐஸ் பெட்டியுமாக அங்கே நிற்க வேண்டும். அதற்கான உத்தரவு, அடுத்த டால்பின் ஒதுங்கும் முன்பே போயிருக்க வேண்டும்.